முகத்தக் காட்டுங்க

பள்ளிக்கூடத்தில் எரிமலைத் தீவுகளைப் பற்றிப் படித்தபோது, அவற்றின் அடிவாரத்தில் எந்த மடையன் குடியிருப்பான் என்று சிரித்திருக்கிறேன். அந்த மடையன் இப்போது நான்தான். அபுதாபியிலிருந்து சின்ன விமானத்தில் வந்து இறங்கும் எங்கள் தீவில் மலை கிடையாது. கடலுக்கு அடியிலிருந்து வாயு எடுக்கும் பிளான்ட் இருக்கிறது. அதன் கோபுர உச்சியில் இரவும் பகலும் நெருப்பு எரியும். ஃபிளேர் என்பார்கள். சும்மா எரியாது, உறுமும். அது திடீரென்று பெரிதாக எரிந்தால் உள்ளே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். சாப்பாட்டுத் தட்டோடு மெஸ் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்போம். மறுபடி உள்ளே போய் சாம்பாரை ஊற்றிக்கொள்வோம். பழகிவிட்டது என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள்.

நெருப்பைவிட மோசமானது வாயு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். நாறினால் பயப்படாதே, நாறிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றால் பயப்படு: இங்கே வந்தவுடன் சொல்லித்தரும் முதல் பாடம் அது. வாயு அதிகமானால் முதலில் மூக்கு சாகும், அப்புறம் ஆள். அதனால் ஒவ்வொருவர் கட்டில் தலைமாட்டிலும் சிவப்புப் பையில் ஒரு முகமூடி தொங்கும். காலையில் கண் விழித்ததும் ஜன்னல் வழியே காற்று போகும் திசையைக் காட்டக் கம்பத்தில் ஆடும் காற்றுப்பையைப் பார்ப்பேன். அதன் வால் பிளான்ட் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் நிம்மதி. எங்கள் பக்கம் நீட்டினால் அன்றைக்கு ஜெபம் கொஞ்சம் நீளும்.

நான் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன், கருவிகளைப் பழுதுபார்க்கும் டெக்னீசியன். என் ரூமில் இன்னொரு கட்டில், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துக்காரனுடையது. சாரம் கட்டுகிற வேலை அவனுக்கு. லீவு முடிந்து வந்த சில மாதத்தில் அவன் முகத்தில் தாடி வளர ஆரம்பித்தது. அவன் மனைவி மாசமாக இருந்தாள். அவர்கள் வீட்டு வழக்கப்படி பிள்ளை பிறக்கும்வரை புருஷன் முடியில் கத்தி வைக்கக் கூடாது.

இந்தத் தீவிலோ தாடி ஆகவே ஆகாது. முகமூடியின் ரப்பர் தோலோடு ஒட்ட வேண்டும். முடி இருந்தால் இடுக்கு வழியே வாயு உள்ளே வந்துவிடும். நாங்கள் பாய் என்று கூப்பிடும் சேஃப்டி ஆபீசர் இரண்டு முறை எச்சரித்தார். மூன்றாம் முறை, தாடி கூடாது, மழிக்காவிட்டால் நாளைக்கே ஊருக்கு விமானம் என்று கத்திவிட்டார். "பாய், தாடி மாஃபி! ஷேவ் கரோ, நஹி தோ கல் ஃபிளைட்!"

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. "லேய் மக்கா, பொறக்கப் போற பிள்ளைக்கு அப்பன் வேணுமா, அப்பனுக்க தாடி வேணுமா? எடுத்துத் தொலைல!"

"ரெண்டு தடவ தங்காமப் போச்சுண்ணே," என்றான். "ரெண்டாவது தடவ, ஒரு கல்யாணத்துக்குப் போறேன்னு முடி வெட்டிட்டேன். அத இன்னைக்கி வரைக்கும் வீட்டுல சொல்லி அழுவுது."

ஆனாலும் பாய் சொன்னால் சொன்னதுதான். அன்று சாயங்காலம் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு மழித்துவிட்டு வந்தான். மழமழவென்ற முகத்தோடு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். சாப்பிடக்கூட வரவில்லை.

அதிலிருந்து வீட்டுக்குப் பேசும்போது கேமராவை அணைத்துவிடுவான். நெட் சரியில்லை, கேமரா கெட்டுப்போச்சு, இருட்டா இருக்கு என்று தினம் ஒரு புளுகு. அவள் பார்த்துப் பயந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதாம். நல்ல நடிகன்தான் போ என்று நானும் கேலி செய்துகொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் என் போன் அடித்தது. தெரியாத நம்பர், ஊரிலிருந்து.

"அண்ணே, நான் அவுக சம்சாரம் பேசுறேன். மறைக்காமச் சொல்லுங்க. மொகத்துல எம்புட்டு வெந்துருக்கு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன மக்ளே சொல்லுதே?"

"கண்ணு தெரியுதாண்ணே? அத மட்டும் சொல்லுங்க."

மாதாவே! அப்போதுதான் உறைத்தது. வேலைக்கு வந்த புதிதில் இவன் ஜன்னல் வழியாக அந்த ஃபிளேரை அவளுக்கு வாணவேடிக்கை மாதிரி காட்டியிருக்கிறான். அவள் அதை மறக்கவே இல்லை. தினம் முகம் காட்டியவன் திடீரென்று முகத்தை மறைத்தால் அவள் வேறென்ன நினைப்பாள்? தூக்கமில்லாமல் பிரஷர் ஏறி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். படுக்கையிலிருந்துதான் பேசினாள். குழந்தையின் துடிப்பை டாக்டர் அடிக்கடி வந்து பார்க்கிறார் என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில், படுத்திருந்த அவன் போர்வையை உருவி எறிந்தேன். "எழும்புல! உனக்க மூஞ்சி வெந்து போச்சுன்னு அங்க ஒருத்தி செத்துக்கிட்டிருக்கா. முகத்தக் காட்டு!"

எழுந்து அவனுடைய போனில் வீடியோ போட்டான். அவள் உற்றுப் பார்த்தாள். "இந்தப் பக்கம் திரும்புங்க," என்றாள். திரும்பினான். "அந்தப் பக்கம். காதக் காட்டுங்க." காட்டினான். அப்புறம்தான் அழுதாள். "தாடிய எடுத்ததுக்கா என்னைய இப்புடி..."

அவள் முடிக்கவில்லை, சைரன் அலறியது.

ஒத்திகை டிரில் என்றால் புதன்கிழமை. இன்று வெள்ளி. "டிரில்தான், பயப்படாத," என்றான் அவளிடம், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. ஜன்னலில் எட்டிப்பார்த்தேன். நெருப்பு பாதி வானத்துக்கு நின்றது. காற்றுப்பையின் வால் நேராக எங்களை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. முட்டை நாற்றம் ஏசி வழியாக வந்துகொண்டிருந்தது. சைரன் நேரத்தில் போனைத் தொடக் கூடாது என்பது இங்கே சட்டம். கட்டிலில் அப்படியே போட்டுவிட்டான். முகமூடியை மாட்டி வாரை இழுத்தான். நானும் மாட்டிக்கொண்டு, அவன் ரப்பரைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தேன். எங்கும் இடுக்கில்லை.

காற்றுக்குக் குறுக்கே நடந்து கடலோரத்தில் கூடினோம். இப்போது நாற்றமே இல்லை. ரப்பர் நன்றாக ஒட்டியதாலா, மூக்கு செத்துவிட்டதாலா? அந்த யோசனை என்னைத் தின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற புதுக்கோட்டைக்காரன் பிடித்த என் சட்டையை விடவே இல்லை. பொழுது சாயும் நேரத்தில் பாய் வந்து, முடிந்தது, ரூமுக்குப் போங்கள் என்று கையை ஆட்டினார். "கலாஸ், கலாஸ். யல்லா, ரூம்." ஒரு வால்வு கசிந்ததாம், அடைத்துவிட்டார்களாம். அதற்குமேல் யாரும் எங்களுக்கு எதுவும் சொல்லவில்லை.

ரூமுக்கு வந்தால் போன் கட்டிலில் கிடந்தது. வீடியோ கால் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் போனை வைக்கவே இல்லை. ஆளில்லாத ரூமின் கூரையைப் பார்த்தபடி அத்தனை நேரமும் அந்தச் சைரனைக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

"மூச்சு விடுறீகளா?" என்றாள்.

அவன் போனை வாயருகே கொண்டுபோய் மூச்சு விட்டுக் காட்டினான். கன்னத்தில் ரப்பர் பதிந்த கோடு சிவந்து கிடந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வாயு உள்ள வராம மூடி மாட்டுன தடம்," என்றான்.

"அந்த மூடி முடி மேல ஒட்டாதாக்கும்?"

"ஒட்டாது."

அவள் சொன்னாள்: "இனிமே ஒரு நாளும் விடாம எடுங்க. எடுத்துட்டு எனக்குக் காட்டுங்க. பிள்ளைக்கு ஆவுறத நான் பாத்துக்கிறேன்."

குறைமாதத்தில் பிறந்தாலும் பிழைத்துக்கொண்டது, பெண் குழந்தை. இப்போது நடக்கிறது. தினம் காலையில் இவன் சோப்பு நுரை காய்வதற்குள் போனைத் தூக்கிவிடுவான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், காது. அம்மாவின் மடியிலிருந்து அந்தக் குட்டி அப்பன் கன்னத்தைத் தொட கை நீட்டும், திரைதான் கிடைக்கும். நான் அதற்குள் ஜன்னலுக்குப் போய்விடுவேன். இன்று காலையும் போய்ப் பார்த்தேன். காற்றுப்பை எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.