அக்காவை ஸ்பீக்கரில் போட்டேன்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, லண்டன் ஹரோவிலுள்ள எங்கள் வீட்டில் என் கைபேசிக்குச் சட்டம் போடப்பட்டது. போட்டவள் மகள்.

தலையணைக்குக் கீழே வைக்கக் கூடாது. சட்டைப்பையில் கூடாது. சிக்னல் குறைந்த இடத்தில் நீளமாகக் கதைக்கக் கூடாது — அங்கேதான் போன் கூடுதல் சக்தியோடு அலையை அனுப்புமாம். கெடுதல் என்று இன்னும் உறுதியாகவில்லை என்பதையும் அவளே ஒத்துக்கொண்டாள். ஆனால் தள்ளி வைத்தால் உடம்பில் படுவது குறையும். அதில் என்ன நட்டம்?

“காதிலை வைக்காதேங்கோ அப்பா. ஸ்பீக்கரிலை போடுங்கோ.”

நியாயம்தானே? தலையாட்டினேன்.

மறுநாள் மத்தியானம் யாழ்ப்பாணத்திலிருக்கும் அக்காவை அழைத்தேன். ஞாயிறு என்றால் ஒரு மணித்தியாலம் கதைப்போம். போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டேன். எல்லாரும் சுகம் என்றார். அங்கே மழை என்றார். மூன்று நிமிடத்தில் வைத்துவிட்டார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. தோட்டத்துக்குப் போய், போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு மறுபடியும் எடுத்தேன்.

“தம்பி, இப்ப தனியவோ நிக்கிறாய்?”

“ஓம் அக்கா.”

“நெஞ்சிலை ஒரு கட்டி. டொக்டர் ஊசி குத்திப் பாக்கவேணுமெண்டவர். அத்தானுக்கும் இன்னும் சொல்லேல்லை.”

(அக்காவிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.) என் குரலின் எதிரொலியிலேயே, வீடு முழுக்கக் கேட்கிறது என்று அவருக்கு விளங்கியிருக்கிறது.

லண்டன் பிளேஸ்டோவில் அகதியாக வந்து இறங்கிய புதிது நினைவுக்கு வந்தது. தெருமுனையில் டெலிபோன் பெட்டி, கையில் போன் கார்ட். அக்கா அப்போது கொழும்பில். அங்கே தொலைபேசிக் கடையில் பின்னால் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். அதனால் குசுகுசுவென்றுதான் கதைப்பார். இந்தப் பக்கம் பஸ் இரைச்சல். ரிசீவரை அழுத்தி அழுத்தியே என் காது சிவந்துபோகும். அப்பா போன செய்தியையும் அந்தக் குசுகுசுப்பில்தான் கேட்டேன். அக்கா மூச்சு விடுவதுகூடக் கேட்கும்... நான் குளிரில் நடுங்கி நின்ற அந்தப் பெட்டிக்கு இன்றைக்கும் ஏங்குகிறேன், நம்புவீர்களா?

மகளிடம் காரணத்தைச் சொல்லவில்லை. ஸ்பீக்கர் எனக்குச் சரிவராது என்று மட்டும் சொன்னேன். அவள் சண்டை பிடிக்கவில்லை. மேசை லாச்சியை இழுத்துக் கிளறி, ஒரு பழைய வயர் இயர்போனை எடுத்து நீட்டினாள். போன் மேசையில் தள்ளிக் கிடக்கும். அக்கா மட்டும் காதுக்குள். இவ்வளவுதானா விஷயம்!

முந்தாநாள் அக்கா எடுத்தார்.

“பயப்பிட ஒண்டுமில்லையாம் தம்பி.”

அழுகிறார் என்பது அந்த வயருக்குள்ளால் தெளிவாகக் கேட்டது. நானும் அழுதேன்.

நேற்றே இன்னொரு வயர் இயர்போன் வாங்கி யாழ்ப்பாணத்துக்குப் பார்சல் போட்டுவிட்டேன். இத்தனை வருடமாக என் கதையைக் கேட்கும் அக்காவினதும் ஒரு காதுதானே?