பிரச்சினை இல்லாத வீடு

என் வாழ்நாளில் மற்றவர் சொன்ன சொல்லை நான் கேட்டு நடந்தது ஒரேயொரு தடவை. அதனால் என்ன வந்தது என்று தெரிந்த பிறகு அந்தப் பழக்கத்தை அடியோடு விட்டுவிட்டேன். பள்ளிக்கூடம் என்னைப் பத்தாம் வகுப்போடு விட்டுவிட்டது. இப்போது பிறம்ரன் பக்கம் லொறி ஓட்டுகிறேன். எந்த வழியால் போகவேண்டும் என்று ஒரு மெஷின் சொல்லிக்கொண்டே வரும். அதன் சொல்லையும் நான் கேட்பதில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மல்வேர்னில் ஒரு வாடகைக் கட்டடத்தின் நாலாம் மாடியில், 407ஆம் இலக்க வீட்டில் அம்மாவும் நானும் இருந்தோம். அப்பா என்பவர் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கொழும்பிலிருந்து ரெலிபோனில் வருபவர். "சாப்பிட்டனீங்களோ? நான் சாப்பிட்டன்" என்று இரண்டு வசனம் சொல்லிவிட்டு நான் ரிவி பார்க்க ஓடிவிடுவேன். அப்பாக்கள் எல்லாரும் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அம்மாவுக்கு ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமையும் வரமுடியுமா, இரண்டு ஷிஃப்ற் சேர்த்துச் செய்யமுடியுமா என்று அங்கே எதைக் கேட்டாலும் அம்மாவிடம் ஒரே பதில்தான்: "நோ புறொப்ளம்."

அந்த வருடம் பாராளுமன்றத் தேர்தல் வந்தது. எங்களுக்கு முன்னமே இந்த நாட்டுக்கு வந்து குடியுரிமையும் எடுத்துவிட்ட மாமா, அம்மாவின் தம்பி, ஒரு வேட்பாளருக்காக ஓடித் திரிந்தார். வேட்பாளர் நெட்டையான வெள்ளைக்காரர். அவருக்குத் தெரிந்த தமிழ் 'வணக்கம்' மட்டும். அதையும் போகும்போதுதான் சொல்லுவார். அவருடைய கொள்கைகளை மாமா தமிழில் எழுதி நோட்டீஸ் அடித்திருந்தார். 'உங்கள் பிரச்சினைகள், என் நிலைப்பாடு' என்று மேலே பெரிய எழுத்து. கீழே ஐந்து விஷயங்கள். பஸ் அடிக்கடி ஓடவேண்டும். வாடகை கண்டபடி ஏறக்கூடாது. பிள்ளை பார்க்கிற செலவு குறையவேண்டும். ஊரில் படித்த படிப்பை இங்கே மதிக்கவேண்டும். பிரிந்திருக்கும் குடும்பங்களைக் கெதியில் ஒன்றுசேர்க்கவேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் எங்கள் கட்டடத்துக்கு வந்தார்கள். மாமா அடுத்த மாடிக்கு முந்தி ஓடி ஆட்களை வாசலுக்கு வரப்பண்ண வேண்டும். ஆகவே ஒவ்வொரு மாடியிலும் வேட்பாளருக்கு மொழிபெயர்க்கிற பதவி எனக்குக் கிடைத்தது. மாமா ஒரு அட்டையில் கொளுவிய தாளை என் கையில் தந்தார். அதில் வீட்டு இலக்கங்கள் வரிசையாக அச்சடித்திருந்தன.

"டேய், லிஸ்ற்றில இருக்கிற கதவு மட்டும்தான். இல்லாததைத் தட்டினியெண்டால் காது இருக்காது."

"ஏன் மாமா?"

"அங்கை எங்களுக்கு அலுவல் இல்லை. விளங்கினதோ?"

விளங்கியது. மாமாவின் விரல்கள் என் காதுக்கு ஏற்கனவே நல்ல பழக்கம்.

வீட்டில் அம்மா காலையிலிருந்து, உள்ளே கறி வைத்து மடித்த பற்றிஸ் பொரித்துக்கொண்டிருந்தா. அந்தக் கிழமை முழுக்க குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு ஏதோ இங்கிலிஸில் முணுமுணுத்துக்கொண்டும் இருந்தா. தான் போகிற இங்கிலிஸ் வகுப்புக்கு வீட்டுப்பாடம் செய்கிறா, பாவம் என்று விட்டுவிட்டேன். வீட்டுப்பாடம் செய்கிற ஆட்களைக் கண்டால் எனக்கு அப்போதே இரக்கம் வரும்.

"மாமாட ஆள் வரேக்க குடுக்க வைச்சிருக்கிறன். கை வையாதை," என்றா. எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு.

வேலையைத் தொடங்கினோம். 401இல் ஒரு தாத்தா லிஃப்ற் மாதக்கணக்காக நிற்கிறது என்று கத்தினார். அது கட்டடக்காரரின் வேலை, இருந்தாலும் பார்க்கிறேன் என்று வேட்பாளர் சொன்னார். நான் அதைச் சுருக்கி, "நாளைக்கே திருத்துவாராம்" என்றேன். தாத்தா அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். 403ஐத் தாண்டும்போதே ஐந்து கொள்கையும் எனக்குப் பாடமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒரு வாய்ப்பாடு ஏறாத தலை இது. 405இல் அவர் வாயைத் திறக்கமுதல் நானே முழுவதையும் ஒப்புவித்தேன். "பிரிஞ்சிருக்கிற குடும்பங்களை ஒண்டு சேர்ப்பார்" என்று முடித்தேன்.

அந்த அன்ரி உடனே, "தம்பி, நான் பிரிஞ்சு இப்பதான் நிம்மதியா இருக்கிறன். என்னைச் சேர்த்துக் கீர்த்து வைச்சிட வேண்டாமெண்டு சொல்லு" என்றா.

மொழிபெயர்த்தேன். இதற்குச் சிரிப்பது தன் நிலைப்பாட்டுக்குப் பொருந்துமா என்று தெரியாமல் வேட்பாளர் என்னைப் பார்த்தார். பிறகு 'வணக்கம்' சொன்னார்.

லிஸ்ற்றைப் பார்த்தேன். 405க்கு அடுத்தது 409.

ஆனால் வேட்பாளர் 407இன் முன்னால் நின்றுவிட்டார். பற்றிஸ் வாசம் நடைபாதை முழுக்க வந்துகொண்டிருந்தது. கண்ணை மூடி ஒருதரம் இழுத்து மணந்துவிட்டு, தட்டுவதற்குக் கையைத் தூக்கினார்.

"இந்த வீடு லிஸ்ற்றில் இல்லை, சேர்," என்று இங்கிலிஸில் சொன்னேன்.

ஏன் இல்லை என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நானும் எனக்குள் கேட்டு விடையும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். நோட்டீஸின் தலைப்பே பிரச்சினைகள் என்றுதானே இருக்கிறது. அப்படியென்றால் லிஸ்ற்றில் இருப்பது பிரச்சினை உள்ள வீடுகள். எங்கள் வீடு அதில் இல்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இன்னொரு காரணமும் உண்டு, மறைக்கக்கூடாது. அவர் உள்ளே போனால் பன்னிரண்டு என்பது எட்டாகலாம், ஆறும் ஆகலாம்.

"தே ஹாவ் நோ புறொப்ளம், சேர்," என்றேன், நல்ல உரத்து.

கொடுத்து வைத்தவர்கள் என்று சிரித்துக்கொண்டு அவர் 409க்கு நடந்தார். எங்கள் கதவின் நடுவில், வெளியே நிற்பவரைப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடித் துளை உண்டு. எப்போதும் உள்ளே எரிகிற லைற் அதில் ஒரு மஞ்சள் பொட்டாகத் தெரியும். அன்றைக்கு அது கறுப்பாக இருந்தது. பல்ப் எரிந்துபோய்விட்டது, அம்மாவிடம் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லா மாடியும் முடித்து வந்தபோது பற்றிஸ் பன்னிரண்டும் தட்டில் அப்படியே இருந்தன. அம்மா கோயிலுக்குக் கட்டுகிற சேலையில் இருந்தா. தட்டுக்குப் பக்கத்தில் நாலாய் மடித்த ஒரு தாள். நான் மூன்றாவதைக் கடிக்கும்போது மாமா வந்தார்.

"அக்கா, மனுசன் வந்து போனவரோ?"

அம்மா என்னை ஒருதரம் பார்த்தா.

"ஓம், வந்தவர்."

"அத்தானை இஞ்சை கூப்பிடுற பைல் நம்பரைக் குடுத்தனீங்களோ?"

"குடுத்தனான்." தட்டைக் கொஞ்சம் இழுத்து, அந்தத் தாளின் மேல் வைத்தா.

"என்ன சொன்னவர்?"

"பாப்பம் எண்டவர். நல்ல மனுசன்."

பெரியவர்கள் இப்படிப் பச்சையாகப் பொய் சொல்வதைப் பார்த்து நான் திகைத்துப்போனேன். "இல்லை மாமா, அவர் எங்கட..." என்று தொடங்க, அம்மா நாலாவது பற்றிஸை என் வாய்க்குள் வைத்தா. மாமா சந்தோசமாக இரண்டு எடுத்துக்கொண்டு போனார். என் காது தப்பியது. அது ஆபத்தில் இருந்ததே எனக்குத் தெரியாது.

வேட்பாளர் தோற்றுப்போனார். அப்பா வந்துசேர இன்னும் இரண்டு வருடம் எடுத்தது. அந்த மனிதர் அன்றைக்கு உள்ளே வந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்வதுண்டு. லொறியில் தனியாகப் போகிறவனுக்கு இப்படி ஏதாவது சொல்லிக்கொள்ள நிறைய நேரம் இருக்கிறது. அந்த லிஸ்ற் பிரச்சினை உள்ளவர்களின் பட்டியல் இல்லை, வாக்கு உள்ளவர்களின் பட்டியல் என்பது பெரியவனான பிறகுதான் தெரிந்தது. அம்மாவுக்கு அப்போது குடியுரிமை இல்லை. லிஸ்ற்றைப் பார்த்து எங்கள் சொந்த வீட்டையே நான் தாண்டிப் போவேன் என்று மாமா நினைத்தே இருக்கமாட்டார்.

கதவின் துளையைப் பற்றியும் பிறகுதான் அறிந்தேன். உள்ளே லைற் எரியும்போதும் அது வெளியிலிருந்து கறுப்பாகத் தெரியும், யாராவது கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றால். அம்மாவுக்கு அந்த நாளில் நன்றாக விளங்கிய இங்கிலிஸ் மிகக் கொஞ்சம். அதில் நான் சொன்ன அந்த இரண்டு சொல்லும் இருந்தன.