மேலே போகாத குட்டி உடும்புகள்

சான் கிரிஸ்பின் உடும்புகள் கிளப்புக்கு இரண்டு அணிகள். பெரிய அணி முதல் டிவிஷனில் தோற்கும். ரிசர்வ் அணியான குட்டி உடும்புகள் இரண்டாம் டிவிஷனில் ஜெயிக்கும். தோற்பவர்களுக்கு விமானம், ஜெயிப்பவர்களுக்கு ஏ.சி. ஓடாத பேருந்து. எங்கும் உள்ள வழக்கம்தான்.

குட்டிகளின் சட்டைகளைத் துவைத்து மடித்து, பந்தும் வலையும் ஏற்றி இறக்குபவர் எர்மெலிந்தோ சகாபலா. வேலைக்குச் சேர்ந்த அன்று கிளப் இயக்குநர் பாரகான் அவர் தோளில் கை போட்டு, "டீம் முதல் டிவிஷனுக்குப் போற அன்னைக்கு நீங்களும் கூடவே போறீங்க" என்றார். இருபத்து மூன்று வருடம் ஆகிறது. பந்து மூட்டை சுமந்து அந்தத் தோள் ஒரு பக்கமாய்ச் சரிந்துவிட்டது. வாக்கு மட்டும் அப்படியே நிற்கிறது.

இதற்கிடையில் அணி மூன்று ஊர் மாறியது, நான்கு பெயர் மாறியது. எர்மெலிந்தோ மாறவில்லை. ஒன்பதாம் வருடம் கோப்பையை வென்றார்கள். அன்றுதான் விதி தெரிந்தது: ரிசர்வ் அணி மேலே போக முடியாது, அதனிடம் தோற்றவன் போவான். இரண்டாம் முறை இறுதியாட்டத்துக்கு வந்தபோது எதிரணி மேளதாளத்தோடு இறங்கியது. இவர்கள் கோல் போடப்போட அவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

இந்த வருடம் மறுபடி இறுதியாட்டம். பாரகானே கூப்பிட்டுச் சொன்னார்: "அந்த விதியையே தூக்கியாச்சு எர்மெலிந்தோ. இனி ரிசர்வும் மத்தவங்களும் சமம். கையெழுத்தே ஆயிடுச்சு."

வீட்டில் மனைவி ஃபிடென்சியா பீன்ஸ் பரிமாறிக்கொண்டே கேட்டாள்: "போன தடவையும் இப்படித்தானே சொன்னீங்க?"

"போன தடவை கையெழுத்து ஆகல."

"யாரு போட்ட கையெழுத்து?"

எர்மெலிந்தோ ஒரு தொர்த்தியா ரொட்டியைப் பிய்த்து நிதானமாகத் தின்றார். "அதைக் கேக்கல."

எதிரணி ஒரு சிமென்ட் ஆலை ஊரிலிருந்து வந்திருந்தது. முதல் முறையாக எதிரே நின்றவர்கள் சிரிக்கவில்லை. உதைத்தார்கள், சட்டையைக் கிழித்தார்கள், நடுவரின் தாயாரை விசாரித்தார்கள். தங்களிடம் தோற்க ஒருவன் இவ்வளவு பயப்படுகிறானே என்று எர்மெலிந்தோவுக்குக் கண் கலங்கியது. இரண்டுக்கு ஒன்று. குட்டிகள் ஜெயித்தார்கள்.

லீக் கமிட்டியிலும் இருக்கும் பாரகான் மைக்கைப் பிடித்தார். ரிசர்வ் அணிகள் மேலே போக இனித் தடையில்லை என்றார். கைதட்டல். கால்பந்தின் நலன் கருதி, முதல் டிவிஷனுக்குள் இன்று முதல் ஆறு வருடத்துக்கு எந்த அணியும் ஏறாது என்றார். பழக்க தோஷத்தில் அதற்கும் கைதட்டினார்கள்.

மேடையை விட்டு இறங்கியவரை எர்மெலிந்தோ மடக்கினார். "ஐயா, சமம்னு சொன்னீங்களே?"

"சமம்தானே? முன்ன நீங்க மட்டும் போக முடியாது. இப்ப யாருமே போக முடியாது. பாரபட்சமே கிடையாது பாருங்க."

எவ்வளவு யோசித்தும் எர்மெலிந்தோவுக்கு இதில் ஓட்டை அகப்படவில்லை. உடைமாற்றும் அறைக்குத் திரும்பினார். வழியில் எதிரணிக்குச் சட்டை துவைக்கும் கிறிஸோஃபோரோ மூட்டைமேல் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தான்.

"விதி மாறுறதுக்கு முன்னாடியே மாமியார்கிட்ட வேற சொல்லிட்டேன் அண்ணே, ஜெயிச்சாலும் தோத்தாலும் இந்தத் தடவை மேலதான்னு. இனிமே நாங்க எதுக்காக ஆடணும்?"

இந்த ஒரு பாடத்தில் நாட்டிலேயே எர்மெலிந்தோவை மிஞ்ச ஆளில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். "முதல் வருஷம்தான் இப்படி இருக்கும் தம்பி. சனிக்கிழமை சட்டை அழுக்காகும், ஞாயித்துக்கிழமை துவைக்கணும். அதுல ஒரு குறையும் வைக்க மாட்டாங்க."

"மேல போகணும்னு உங்களுக்குத் தோணவே தோணாதா?"

"தினமும் தோணும்." எர்மெலிந்தோ மேடைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சத்தமா மட்டும் சொல்லிடாத. அதுக்கும் ஒரு விதி போட்டுடுவாங்க."