பதினைந்து ராத்தல் சூரியன்

காதர் மைதீன் வாத்தியாருக்குக் கணக்கு வரும், அறிவியல் வரும். ஊர் போகிற போக்கு மட்டும் பிடிபடவே இல்லை. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் ஒரு கடைவீட்டின் மாடியில் சின்னத் தமிழ்ப் பள்ளி. கல்யாணம் பண்ணிக்கொள்ளாத அவருக்கு வீடு, வாசல், மக்கள் எல்லாம் அதுதான். அறுபத்து மூன்றாம் வருடம் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஆங்கிலப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஜனவரியில் முதல் வகுப்புக்கு ஆறு பேராவது சேராவிட்டால் பள்ளியைப் பூட்டிவிடுவோம் என்று நிர்வாகக் குழு சொல்லிவிட்டது.

மனிதர் என்ன செய்தார்? வீடு வீடாகப் போய்க் கெஞ்சியிருக்கலாம். அதை விட்டுவிட்டுக் கண்காட்சி வைத்தார். தமிழிலும் அறிவியல் படிக்கலாம் என்பதைக் கண்ணால் பார்த்தால் பெற்றோர் மனம் மாறும் என்று நம்பினார், பாவம். சூரியனின் எடை பூமியைப் போல் மூன்று லட்சத்து முப்பத்து மூவாயிரம் மடங்கு. பூமி ஓர் அரிசி என்றால் சூரியன் எவ்வளவு? ஆயிரம் அரிசியை எண்ணி நிறுத்துப் பெருக்கினார். பதினைந்து ராத்தல் வந்தது. அத்தனையும் வாங்கி, வகுப்பின் நடுவே வெள்ளை வேட்டியை விரித்துக் குவித்தார். பக்கத்தில் ஒரு தட்டில் ஒற்றை அரிசி.

சனிக்கிழமை வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். பார்த்தார்கள், தலையாட்டினார்கள், போனார்கள். சாயங்காலத்துக்குள் பேச்சு கிளம்பிவிட்டது: வாத்தியாருக்கு வேலை போகப்போகிறதாம், பள்ளிக்கூடத்தில் அரிசி சேர்க்கிறாராம். கோயிலில் கூழ் ஊற்றினாலும் நோன்புக் கஞ்சி காய்ச்சினாலும் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி கொடுத்துப் பழகிய சனம் வேறெப்படி நினைக்கும்?

ஞாயிறு காலை படிக்கட்டில் காலடிச் சத்தம் ஓயவில்லை. வாத்தியாருக்குப் புல்லரித்தது. விளக்கம் சொல்லத் தயாராக நின்றார். முதலில் வந்தவள் பால்காரர் மனைவி ரத்தினம்மா. மகள் கண்மணியை இங்கேதான் சேர்ப்பதாக வாக்குக் கொடுத்திருந்தவள். முந்தானையில் முடிந்து வந்த அரிசியை அவிழ்த்துக் குவியலில் கொட்டினாள்.

“என்னம்மா செய்றீங்க? இது சூரியன்மா.”

“இருக்கட்டும் சார். ஏதோ எங்களால முடிஞ்சது.”

“கண்மணி எங்க?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “இங்கிலீஷ் ஸ்கூல்ல பேர் கொடுத்துட்டோம் சார். நாளைக்கு வேலைன்னு போனா அதைத்தானே கேக்குறாங்க. கோவிச்சுக்காதீங்க.”

அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் கையிலும் அரிசிதான் இருந்தது. யார் மேல் கோபப்படுவது? எல்லாரும் அன்போடுதான் வந்தார்கள், அதுதான் அவரைக் கொன்றது. மத்தியானத்துக்குள் சூரியன் இரண்டு மடங்காகிவிட்டது. ஒரு பிள்ளையின் பெயரும் சேரவில்லை.

கூட்டம் கலைந்தபின் தட்டைப் பார்த்தார். காலியாக இருந்தது. யாரோ ஒரு புண்ணியவதி, ஓர் அரிசியும் வீணாகக்கூடாதென்று அதையும் குவியலில் போட்டிருக்கிறாள். மண்டியிட்டுக் குவியலைக் கிளறிக் கிளறித் தேடினார். எதைத் தேடுகிறோம் என்று உறைத்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

ஜனவரியில் பள்ளியைப் பூட்டினார்கள். வேறு வேலை கிடைக்கும்வரை வாத்தியார் அந்த அரிசியைத்தான் பொங்கித் தின்றார். பிள்ளை தர மனம் வராத ஊர் அவரைப் பட்டினி கிடக்கவும் விடவில்லை. பூமி எந்த உலையில் வெந்ததோ, அவருக்குத் தெரியாது.