ஏசி குழாயில் குளவிக்கூடு

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் மனைவி, என் அம்மா, தங்கையைப் பார்க்கப் பாகூரிலிருந்து வந்திருந்த மனைவியின் அண்ணன்.

ஏசி அறைக்குள்ளேயே ஒழுகியது. இரண்டு நாளாகச் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் அன்று காலை சுவரில் கோடாக இறங்கி, சுவிட்ச் போர்டுக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், பால் வண்டி ஓட்டுகிறேன். கரண்டும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள அதற்கு மேல் படிப்பு வேண்டியதில்லை. போன் செய்து கேட்டால், வெயில் காலம், நான்கு நாள் கழித்துத்தான் வர முடியும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார்.

"இன்னாடா, வூட்டுக்குள்ளயே மழ பேயுது," என்று அம்மா தலையணையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

மெயினை இறக்கினேன். ஏணியில் ஏறும் முன் போய் ஒரு தடவை பார்த்தேன். ஏறிய பிறகு இறங்கி வந்து இன்னொரு தடவை பார்த்தேன்.

"மாப்ள, மூணாவது தடவ பாத்தீன்னா அந்த சுச்சு வெக்கப்பட்டுடும்," என்றார் மச்சான்.

ஃபில்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினோம். மெயினைப் போட்டு ஓடவிட்டால் அரைமணியில் பழையபடி சொட்டியது. மறுபடி மெயினை இறக்கினோம். போனில் ஒரு வீடியோவில், உள்ளே இருக்கும் தட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு சொம்பு ஊற்றினேன். வெளிச் சுவரில் இறங்கும் குழாய் வழியாகப் போகவேண்டிய தண்ணீர், திரும்பி என் சட்டையில் வழிந்தது. அடைப்பு குழாயில்தான்.

வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தோம். குழாயின் வாயை முழுக்க மூடி, கைப்பிடி அளவுக்கு மண்ணால் ஒரு குளவிக்கூடு. மச்சான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் குத்தப் போனார்.

"கை வெக்காத ண்ணா."

மனைவி துணி காயப்போடும் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"தண்ணி போவ வேணாமா?" என்றேன்.

"வேற வழி பாருங்க. அத ஒடைக்கக் கூடாது."

குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை வரும் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம். இரண்டு ஆஸ்பத்திரியில் பார்த்தாகிவிட்டது. இருவருக்கும் ஒரு குறையும் இல்லை என்று இரண்டு இடத்திலும் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு யாரிடம் போய் என்ன கேட்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

"எப்பத்திலேர்ந்து இருக்குது இது?" என்று கேட்டேன்.

"மூணு வாரமா."

மூன்று வாரமாக, தினமும் துணி காயப்போடும்போது அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா கிட்டே வந்து பார்த்தாள். மருமகளைக் குத்திக்காட்டாமல் ஒரு நாளும் போகாது அவளுக்கு. அன்று குரலை இறக்கி, "செம்மண்ணுல கட்டியிருக்குதுடி. ஆம்பளப் புள்ள," என்றாள்.

பக்கத்து மனையை மேடாக்க இரண்டு லோடு செம்மண் கொட்டி வைத்திருந்தார்கள். அது இன்னும் வயலாகவே இருந்திருந்தால் கூடு கறுப்பாக இருந்திருக்கும். நான் அதைச் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. ஆனால் உடைத்த கை என் கையாக இருக்கக்கூடாது என்று தோன்றியது. நாளைக்கு ஒன்றும் நடக்காமல் போனால், அவள் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

"அப்ப கொழாய அறுத்துடலாம்," என்றார் மச்சான். "கூடு பாட்டுக்கு இருக்கட்டும்."

கரிக்கலாம்பாக்கம் போய் அரை இஞ்சு பைப், எல்போ, ஒட்டுகிற பசை, கிளாம்பு எல்லாம் அவரே வாங்கி வந்தார். கூட்டுக்கு ஒரு முழம் மேலே கிளாம்பு அடித்து, மச்சானை அசங்காமல் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ரம்பத்தால் அறுத்தேன். பாதி அறுக்கும்போதே தேங்கிய தண்ணீர் பீய்ச்சி அடித்தது. கூட்டின்மேல் படாமல் மனைவி ஒரு தட்டைக் குறுக்கே பிடித்தாள். மேலே எல்போ போட்டு, புதுக் குழாயைச் சரிவாகப் பக்கவாட்டில் இறக்கினோம். அறுத்த துண்டு கூட்டோடு சுவரிலேயே நின்றது.

மெயினைப் போட்டோம். சற்று நேரத்தில் வெளியே வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நான் உள்ளே போய்ச் சுவரைத் தடவினேன். ஈரம் இருந்தது, பழைய ஈரம்தான். கால்மணிக்கொரு தரம் போய்த் தடவினேன்.

மச்சான் புறப்படும்போது சாமான் வாங்கிய காசை நீட்டினேன். இருநூற்று நாற்பது ரூபாய். அவர் வாங்கவில்லை. வண்டியை உதைத்துக்கொண்டே தங்கையைப் பார்த்தார்.

"காது குத்த எம்மடியிலதான ஒக்காரும். அன்னிக்கிக் குடு மாப்ள, வாங்கிக்கிறேன்."

அவள் சிரித்தாள்.

அந்த இருநூற்று நாற்பது ரூபாயை இன்னும் அவருக்குத் தரவில்லை.