ஏழு மணிப் பாவங்கள்

என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு மேசை, ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு பதிவேடு, நடுவில் இவர். எந்த பஸ் எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, தாமதமென்றால் ஏன் தாமதம் என்று எழுதுவதுதான் வேலை. டிரைவர்கள் இவருக்கு வைத்திருக்கிற பட்டப்பெயர் 'நிமிஷம்'. அது இவருக்கும் தெரியும். பட்டப்பெயரைக் கேட்டுப் பூரித்துப்போகிற மனிதரை நான் இவரைத் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த அதிகாரத்தை டிப்போவிலேயே விட்டுவிட்டு வந்தால் எனக்கென்ன குறை? மனுஷன் அதை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வருவார். மாலை ஏழு அடித்தால் குடும்ப ஜெபம். பாட்டு ஒன்று, வேதத்தில் ஒரு அதிகாரம். அதன்பிறகு பிள்ளைகள் இருவரும் அன்றைக்குச் செய்த தப்பு ஒன்றை வாய்விட்டுச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். அப்புறம்தான் சாப்பாடு. பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்க இதைவிட நல்ல வழி உலகத்திலேயே கிடையாது என்பது இவருடைய கண்டுபிடிப்பு.

"நாமளும் சொல்ல வேண்டாமா?" என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன்.

"பெரியவங்க தனியா ஆண்டவர்கிட்ட சொல்லிப்போம்" என்றார். ஏதோ மேலிடத்தோடு இவருக்கு மட்டும் தனி லைன் இருக்கிற மாதிரி.

மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது, சின்னவளுக்கு எட்டு. பள்ளிக்கூடம், வீட்டுப்பாடம், தூக்கம் என்று ஓடுகிற பிள்ளை தினம் ஒரு பாவத்துக்கு எங்கே போகும்? "இன்னைக்கு ஒண்ணுமே செய்யலைப்பா" என்று சின்னவள் ஒரு நாள் சொல்லிப் பார்த்தாள். அப்படிச் சொல்வதே பெருமை, பெருமை எல்லாவற்றையும்விடப் பெரிய பாவம் என்று அரை மணி நேரம் விளக்கம் நடந்தது. சாப்பாடு ஆறி ஜில்லென்று ஆகிவிட்டது. மறுநாளிலிருந்து அவள் ஜெபத்துக்கு வெறுங்கையோடு வந்ததே இல்லை.

எப்படி என்று ஒரு நாள் என் காதில் விழுந்தது. நான் சமையலறையில் இருப்பது தெரியாமல் இரண்டும் பேசிக்கொண்டிருந்தன.

"அக்கா, இன்னைக்கு எனக்கு ஒண்ணு குடேன்."

"பொறாமை வேணுமா, கோபம் வேணுமா?"

"சின்னதா ஏதாவது குடு. பெருசுன்னா அப்பா கேள்வி கேப்பாரு."

"அப்ப, பக்கத்துல இருக்கிற பிள்ளையோட பென்சிலைக் கேக்காம எடுத்தேன்னு சொல்லு. பதிலுக்கு இன்னைக்கு என் முறைக்கு நீ மேசை துடைக்கணும்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். அன்று மாலை சின்னவள் அந்தப் பென்சிலுக்காகக் குரல் கம்மி மன்னிப்புக் கேட்டாள். இவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா, பிள்ளைங்க மனசு எவ்வளவு மென்மையா ஆயிருக்கு!" என்றார். நான் தலையாட்டினேன். அப்போதே உடைத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லாதது என் தப்புதான், ஆனால் என்னிடம்தான் யாரும் கேட்பதில்லையே.

இந்தப் பெருமை சபை வரைக்கும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் 'வீட்டில் விசுவாசம்' என்று நாற்பது நிமிடம் பேசும்படி பாஸ்டர் இவரைக் கேட்டார். அவ்வளவுதான், மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பேசுவதற்கு முன்னால் எங்கள் குடும்ப ஜெபத்தை மேடையிலேயே செய்து காட்டுவதாகவும், சின்னவள் மைக்கில் ஒரு தப்பைச் சொல்வதாகவும் இவரே ஏற்பாடு செய்துகொண்டார்.

"எந்தத் தப்பை?" என்று கேட்டேன்.

"சனிக்கிழமை ஒத்திகை பாத்துக்கலாம்" என்றார்.

பாவத்துக்கு ஒத்திகை! இதைக் கேட்கத்தான் நான் கழுத்தை நீட்டினேன் போலிருக்கிறது.

பள்ளி விட்டதும் சின்னவள் டிப்போவுக்கு நடந்துபோய், அப்பாவின் கூண்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி, அவரோடு வீட்டுக்கு வருவது வழக்கம். கூட்டத்துக்கு முந்திய வியாழக்கிழமையும் அப்படித்தான். இவர் பேச்சுத் தாளை வைத்துக்கொண்டு, கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துக் கையை வீசிப் பேசிப் பழகிக்கொண்டிருந்தார். ஒரு பஸ் வந்தது. டிரைவர் தன் வண்டித் தாளை ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. பேச்சின் உருக்கமான பகுதி முடிந்து பார்த்தபோது மணி நாலு முப்பத்தைந்து. பதிவேட்டில் அந்த பஸ்ஸின் கட்டம் காலி. காலியாக விட்டால் இவர் மேல் குற்றம் வரும். நாலு முப்பத்தைந்து என்று எழுதி, தாமதம் என்று சிவப்பு மையில் குறித்தார்.

அந்த டிரைவருக்கு அது மூன்றாவது தாமதம். வெள்ளிக்கிழமையே அவரிடமிருந்து வண்டியை வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை விசாரணை என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். "அந்த ஆளுக்கு வேலை போனாலும் போயிடும். மூணு பிள்ளைங்க வேற" என்று இவர் என்னிடம் சொன்னார். சொன்ன தோரணையைப் பார்த்தால் யாரோ எவரோ செய்த அநியாயம் மாதிரி இருந்தது. எனக்கு அப்போது விவரம் தெரியாது. நானும் உச்சுக் கொட்டினேன்.

சனிக்கிழமை ஒத்திகை. டார்ச் லைட்டை மைக்காக்கிச் சின்னவளின் வாய்க்கு நேரே நீட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வியாழக்கிழமை அந்த பஸ் நாலு பத்துக்கே வந்துருச்சு. பெரிய முள்ளு ரெண்டுல இருந்துச்சு, நான் பாத்தேன். அப்பா பேசிப் பழகிட்டு இருந்தாங்க. அப்புறம் நாலு முப்பத்தஞ்சுன்னு எழுதினாங்க. நான் பாத்துட்டும் சொல்லலை. இப்ப டிரைவர் மாமாவுக்கு வேலை போயிடும். இயேசப்பா, சொல்லாம இருந்ததுக்கு என்னை மன்னிச்சிருங்க."

மூத்தவள் திருதிருவென்று விழித்தாள். இது அவள் கொடுத்த சரக்கு இல்லை.

இவருக்கு முகம் வெளிறிப்போனது. டார்ச்சை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். கடைசியில், "அது பெரியவங்க விஷயம்மா. அது உன் தப்பில்ல. மேடைக்கு வேற ஒண்ணு சொல்லு" என்றார்.

"சரிப்பா" என்றாள் அந்தப் பிள்ளை. "பென்சிலைச் சொல்லட்டுமா?"

"ம். அது நல்லா இருக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவரைச் சமையலறைக்குள் வரவழைத்தேன்.

"ஏங்க, அந்த ஆளு கதி என்ன?"

"விசாரணையில எல்லாம் சரியாயிடும்."

"யாரு சரி பண்ணுவா? பதிவேடு தானா எழுந்து நின்னு சாட்சி சொல்லுமா?"

"நாளைக்குக் கூட்டத்தை வெச்சுக்கிட்டு என் மனசைக் கலைக்காதே."

"கலையட்டும். இந்த வீட்டுல இவ்வளவு நாள் சொன்னதெல்லாம் கடன் வாங்கின பாவம். இன்னைக்குத்தான் ஒரு பிள்ளை மனசுல இருந்து உண்மையைச் சொல்லிருக்கு. அதைப் போய் வேண்டாம்னுட்டீங்களே. நாளைக்கு அவ உங்களை நம்புவாளா? நீங்க சொல்லித் தர்ற ஆண்டவரைத்தான் நம்புவாளா?"

இவர் பேச்சுத் தாளை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மேடை, பூ ஜாடி, நிஜ மைக், எல்லாம் ஜோர். சின்னவள் பென்சில் கதையைப் பிசிறில்லாமல் சொன்னாள். முன்வரிசையில் இரண்டு பேர் கைக்குட்டையை எடுத்துவிட்டார்கள். முடித்ததும் அவள் திரும்பி, "சரியா சொன்னேனாப்பா?" என்று மெல்லக் கேட்டாள். மைக் அதையும் கூட்டம் முழுக்கப் பரப்பிவிட்டது. எல்லோரும் ஆசையாகச் சிரித்தார்கள். இவர் மட்டும் சிரிக்கவில்லை.

நாற்பது நிமிடப் பேச்சில் நாலு நிமிடம் படித்தார். பிறகு தாளை மடித்துப் பைக்குள் வைத்து, "இவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிட்டார். ஆவியானவர் சகோதரனின் நெஞ்சை உடைத்துவிட்டார் என்று பாஸ்டர் எழுந்து வியாக்கியானம் செய்தார். பாஸ்டரை நான் குறை சொல்ல மாட்டேன், பாதி சரியாகத்தான் சொன்னார்.

திங்கட்கிழமை காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பினார். சாயங்காலம் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "சொல்லிட்டேன்" என்றார். டிரைவருக்கு வண்டி திரும்பக் கிடைத்தது. இவரைக் கூண்டிலிருந்து எடுத்து டயர் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். பதவி உயர்வும் கிடையாது. டயர்கள் எப்போதும் நேரத்துக்கு இருந்த இடத்திலேயே இருக்கும், எழுத ஒன்றுமில்லை.

"டிரைவர் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"மூஞ்சியைக்கூடப் பாக்கலை."

எனக்கு வாய்வரை வந்த கிண்டல் வெளியே வர மாட்டேன் என்றது. இந்த மனுஷன் மேல் இத்தனை வருஷத்தில் இல்லாத பாசம் வந்து தொலைத்தது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஏழு மணிக்குப் பாட்டும் வாசிப்பும் முடிந்தன. மூத்தவள் தன் பாவத்தைச் சொல்லத் தொண்டையைச் செருமினாள். இவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னைக்கு நான் சொல்றேன்" என்று ஆரம்பித்து, பதிவேடு, சிவப்பு மை, விசாரணை என்று ஒன்று விடாமல் சொன்னார். பிறகு முழங்காலாலேயே நகர்ந்து சின்னவளுக்கு முன்னால் வந்தார்.

"உண்மையைச் சொன்ன பிள்ளையை, அத்தனை பேர் முன்னாடி பொய் சொல்ல வெச்சேன். என்னை மன்னிச்சிரும்மா."

சின்னவள் யோசித்தாள். மூத்தவள் அவளை முழங்கையால் இடித்து, "மன்னிச்சுட்டேன்னு சொல்லுடி, பசிக்குது" என்று கிசுகிசுத்தாள். அப்போதும் அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு இன்னும் மன்னிப்பு வரலைப்பா" என்றாள். "சும்மா சொல்லிடவா, இல்ல நிஜமா வர்ற வரைக்கும் இருப்பீங்களா?"

"இருக்கேம்மா" என்றார்.