இரண்டு கார்டுக்கும் ஒரே பொட்டு

எங்கள் தெருவுக்கு இணையம் தருகிற கேபிள்காரரை ஒரு விஜயதசமி முழுக்க ஏணியில் ஏற்றி இறக்கியவன் நான்.

ரௌட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளும்படி அவர் சொன்னார். கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவனுக்கு அது பொறுக்கவில்லை. மகன் விட்டுப்போன பழைய கணினியில் இரண்டாவதாக ஒரு நெட்வொர்க் கார்டைச் செருகி நானே ரௌட்டர் செய்தேன். ஒரு கார்டில் தெருவிலிருந்து வரும் ஒயர், மற்றதில் வீட்டுக்குள் போகும் ஒயர். வீட்டிலுள்ள டிவி, போன் எல்லாவற்றுக்கும் என் கணினியே ஆளுக்கோர் எண் கொடுத்து இணையத்துக்கு அனுப்பும். இரண்டு கார்டும் ஒன்றுபோலவே இருந்ததால், தெரு ஒயர் சேரவேண்டியதற்குக் குங்குமத்தால் அடையாளம் வைத்தேன். பேனாவால் எழுதியிருக்கலாம்.

ஆயுத பூஜைக்கு என் மனைவி ஒயர்களைக் கழற்றி, கணினியைத் துடைத்து, கிரைண்டருக்கும் ஸ்கூட்டருக்கும் இட்டதுபோல் பொட்டிட்டாள். பின்னால் ஒரு கார்டுக்கு மட்டும் குங்குமம் இருக்கவே, விட்டுப்போயிற்று என்று இன்னொன்றுக்கும் வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை குனிந்தேன். முதலில் கண்ணில் பட்ட பொட்டில் தெரு ஒயரைச் செருகினேன். இணையம் வரவில்லை. வெளியே எட்டிப் பார்த்தால் தெருவுக்கே வரவில்லை. தவறு நம்முடையதல்ல என்று நிம்மதியாக இருந்தது.

எதிர்வீட்டுக்காரர் கேபிள்காரரைப் பிடித்துக்கொண்டார். "இன்னா நைனா, நல்ல நாளும் அதுவுமா? சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். அப்புறம் வேற கம்பெனிதான்."

மற்ற வீட்டாரும் தலையாட்டினார்கள். கேபிள்காரருக்கு இருந்ததே எங்கள் தெருவும் பக்கத்துத் தெருவும்தான்.

"பாத்துகினுதான் இருக்கேன் சார். லைன் நல்லாத்தான் இருக்குது" என்றார் என்னிடம், வியர்வையைத் துடைத்தபடி.

"நல்லா இருந்தா ஏம்ப்பா வரல? கொஞ்சம் தர்க்கமா யோசி" என்றேன். அந்த வாக்கியம் இன்றும் என்னைக் கூச வைக்கிறது.

மதியம் எரிச்சலில் வீட்டிலுள்ள எல்லாவற்றையும் அணைத்தேன். கணினி மட்டும் ஓடியது. அதன் திரையில் வீட்டுப்பக்கக் கார்டுக்கான விளக்கு விடாமல் சிமிட்டியது. வீட்டில் ஒன்றும் ஓடாதபோது இது யாருக்கு எண் கொடுக்கிறது? டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு பொட்டு. ஒயர்கள் இடம் மாறியிருந்தன. மலையடிவாரத்தில் நின்று போலி தரிசன டோக்கன் கொடுப்பவனைப்போல, என் கணினி தெருவிலுள்ள அத்தனை வீட்டுக்கும் எண் வழங்கிக்கொண்டிருந்தது. வாங்கியவர்களை அனுப்ப என் கணினிக்கே இணையம் இல்லாததால் எல்லாரும் சுவரில் போய் முட்டினார்கள்.

ஒயரைப் பிடுங்கினேன். சற்று நேரத்தில் ஒவ்வொரு வீடாக "வந்துடுச்சி!" என்றது. கேபிள்காரர் அப்போது கையில் கட்டிங் பிளேயரோடு ஏணி உச்சியில் இருந்தார்.

"கைகாரன்யா!" என்றார் எதிர்வீட்டுக்காரர், ஏணியை அண்ணாந்து பார்த்து.

சாயங்காலம் கேபிள்காரரை உள்ளே அழைத்து உண்மையைச் சொன்னேன். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"இத்த வேற யாருகிட்டயாவது சொன்னீங்களா சார்?"

"இனிமேதான். எதிர்வீட்டுக்குப் போய்ச் சொல்லப்போறேன்."

"ஐயையோ, வாணாம் சார்! ஜாயின்ட்ல லூஸு, நான்தான் கண்டுபுடிச்சேன்னு தெரு பூரா சொல்லிட்டேன். இப்பதான் நம்புறாங்கோ."

மன்னிப்பு கேட்கவும் வழியில்லாமல் போயிற்று. தெருவின் பெயரைப் போடாமல் இங்கே எழுதிக்கொள்ள மட்டும் சம்மதித்தார்.

அதிலிருந்து ஒவ்வொரு விஜயதசமி காலையிலும் அவரே வந்து என் இரண்டு ஒயரையும் செருகிவிட்டுப் போகிறார்.

"சாருக்கு மட்டும் இன்னா ஸ்பெஷல் கவனிப்பு?" என்று கேட்டார் எதிர்வீட்டுக்காரர்.

"பெரியவரு, படிச்சவரு. ஒரு மரியாதைதான்" என்றார் கேபிள்காரர், என் முகத்தைப் பார்க்காமல்.